சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்: பல தளங்களில் விரியும் கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெப் சீரிஸ் படப்பிடிப்பு முடியும் தறுவாயில் யாராவது ஒருவர் கேட்பார்: "இதுக்கு ஒரு பாட்காஸ்ட்டும் போட்டுடலாமே? அப்படியே கதாநாயகி பேர்ல ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு?" கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் எழுத்தாளர் தன்னிடம் இருந்ததையெல்லாம் சீரிஸிலேயே கொட்டி முடித்திருப்பார். பாட்காஸ்ட்டுக்கு மிஞ்சுவது வெட்டிப்போட்ட காட்சிகளும் நடிகர் பேட்டிகளும்தான். இன்ஸ்டாகிராமில் நாலு செல்ஃபி விழும். மூன்றாவது வாரம் அதுவும் நின்றுபோகும்.

கோளாறு பாட்காஸ்ட்டில் இல்லை, அந்தக் கேள்வி வந்த நேரத்தில் இருக்கிறது. மையக் கதையில் எதையெல்லாம் சொல்லாமல் விடப்போகிறோம் என்பதை முதல் வரைவுக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதி, விட்டதை எங்கே, எப்போது, யார் குரலில் வைப்பது என்பது.

எது இது, எது இதில்லை

நாவலைப் படமாக எடுத்தால் அது தழுவல். கதை ஒன்றே, ஊடகம் மட்டும் மாறுகிறது. படத்துக்கு டீசர், போஸ்டர், மீம் போடுவது விளம்பரம். இந்த இரண்டுக்கும் பல்தளக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒவ்வொரு தளத்திலும் ஒரே கதையுலகின் புதிய பகுதி ஒன்று இருக்க வேண்டும்.

பல்தளம் என்பதைக் குறிக்கும் 'ட்ரான்ஸ்மீடியா' என்ற சொல்லை 1991-இல் மார்ஷா கிண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழந்தைகளுக்கான பாத்திரங்கள் தொலைக்காட்சி, சினிமா, வீடியோ கேம் என்று தாவிச் செல்வதைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். 2003-இல் ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் அதைக் கதைசொல்லலோடு இணைத்தார். ஒவ்வொரு ஊடகமும் தனக்கு நன்றாக வருவதைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு துண்டும் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். 2010-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் 'ட்ரான்ஸ்மீடியா தயாரிப்பாளர்' என்ற பட்டத்தை ஏற்றபோது, ஒரே கற்பனை உலகில் குறைந்தது 3 கதையிழைகள் வேண்டும் என்றது. ஒரு தளத்துக்கு எடுத்ததையே வெட்டி இன்னொன்றில் போட்டால் கணக்கில் வராது என்றும் சேர்த்துச் சொன்னது. 3 என்பது பட்டம் கொடுக்க அவர்கள் வைத்த அளவுகோல். உங்களுக்கு 2 போதும். முதல் முயற்சி என்றால் 2-ஐத் தாண்டவே வேண்டாம் என்பேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கற்பனைக் கதையைக் கையில் எடுத்துக்கொள்வோம். நீர்த்தேக்கம் ஒன்று வற்றுகிறது. 30 ஆண்டுகளுக்கு முன் அதில் மூழ்கிப்போன கிராமம் சேற்றிலிருந்து தலைநீட்டுகிறது. ஊரைக் காலி செய்த இரவில் அண்ணனைத் தொலைத்த தங்கை ஒருத்தி திரும்பி வருகிறாள். அப்போது அவளுக்கு 9 வயது, அவனுக்கு 17. அன்று இரவு அவனுக்கு என்ன ஆனது? இது 8 பாகங்கள் கொண்ட வெப் சீரிஸ். இதுதான் நமது மையக் கதை.

படி 1: கதைக்கு இது தேவைதானா?

மையப் பாத்திரத்தைக் கதையிலிருந்து தூக்கிவிட்டுப் பாருங்கள். அந்த உலகத்தில் அதன் பிறகும் ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதா? நம் கிராமத்தில் தங்கை வராவிட்டாலும் 60 வீடுகள் இருந்தன, 60 குடும்பங்கள் வண்டி ஏறின. காலி செய்யச் சொல்லி வந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். இன்று தண்ணீர் இறங்குவதைப் படமெடுக்கும் புகைப்படக்காரர் ஒருவர் இருக்கிறார். உலகம் கதையைவிடப் பெரிது. இது தாங்கும்.

ஒரே அறையில், ஒரே இரவில், பிரியப்போகும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் கதை என்றால்? அதன் வலிமையே கதவு சாத்தியிருப்பதுதான். மனைவியின் டைரியை வேறெங்காவது வெளியிட்டால் அந்த அறையில் ஜன்னல் திறந்த மாதிரி ஆகிவிடும். நல்ல கதைகளில் பெரும்பாலானவை இந்த வகை. அவற்றை அப்படியே விட்டுவிடுவதற்கும் ஒரு துணிவு வேண்டும், குறிப்பாகப் பணம் போடுபவர் "எல்லாத் தளத்துலயும் வரணும்" என்று கேட்கும்போது.

படி 2: இடைவெளிகளின் பட்டியல்

அவசரப்படக்கூடாத படி இது.

மையக் கதையின் காட்சிச் சுருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நாலு கேள்விகள். இதற்கு முன் என்ன நடந்தது? இதே நேரத்தில் வேறெங்கே, யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதை வேறு யார் பார்த்தார்கள்? இதற்கு என்ன தடயம் மிஞ்சியது? நாலாவது கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். கடிதம், ஒலிநாடா, ரசீது, பெயர்ப் பட்டியல், சுவரில் கீறிய தேதி என எந்த நிகழ்ச்சியும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். அப்படி மிஞ்சும் பொருள்கள் மற்ற தளங்களுக்கு மிகத் தோதானவை. ஒரு வரைபடத்தையோ ஒலிநாடாவையோ வாசகர் தன் கையிலேயே எடுத்துப் பார்க்க முடியும்.

நம் கதையில் இப்படிக் கேட்டால் 40, 50 இடைவெளிகள் வரும். சும்மா எழுதிக்கொண்டே போங்கள். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள். மையக் கதையே பதில் சொல்லியாக வேண்டியவை முதல் குவியல். அண்ணனுக்கு என்ன ஆனது என்பது அதில் சேரும். வேறு தளம் பதில் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் மையக் கதை கெடாது என்பவை இரண்டாவது. யாரும், எங்கேயும், ஒருபோதும் பதில் சொல்லக்கூடாதவை மூன்றாவது.

இந்த மூன்றாவது குவியலில் கை வைத்துத்தான் நிறையப் பேர் கதையைக் கெடுக்கிறார்கள். நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்து ஊரிலேயே முதல் கையெழுத்துப் போட்டவர் தங்கையின் அப்பா. ஏன் போட்டார்? பயமா, கடனா, எப்படியும் போகத்தான் போகிறோம் என்ற தெளிவா? அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அவரை மன்னிக்கிறாள், கடைசிக் காட்சி அதுதான். ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காக "அப்பாவின் கதை" என்று ஒரு தனி பாட்காஸ்ட் பாகம் போட்டால், அவள் மன்னிப்பின் எடை பறந்துவிடும்.

எம்.ஐ.டி. மாணவராக இருந்த ஜெஃப்ரி லாங் 2007-இல் எழுதிய ஆய்வேட்டில் இதற்கு 'நெகட்டிவ் கேப்பபிலிட்டி' என்ற பழைய சொல்லை ஆங்கிலக் கவிஞர் கீட்ஸிடமிருந்து எடுத்தார். விடை தெரியாத நிலையில் பதறாமல் இருக்க முடிகிற ஆற்றலைப் பற்றி கீட்ஸ் 1817-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். கதையில் திட்டமிட்டு வைக்கும் இடைவெளிகள் பார்வையாளரிடம் அந்த ஆற்றலைத் தூண்டுகின்றன என்பது லாங்கின் வாதம். போகிற போக்கில் வரும் ஓர் ஊர்ப் பெயர், யாரும் விளக்காத ஒரு தழும்பு. பார்வையாளர் அதைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். பிறகு நீங்கள் அங்கே ஒரு கதையைக் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம்.

இடைவெளிக்கும் ஓட்டைக்கும் வேறுபாடு உண்டு. மையக் கதையை மட்டும் பார்த்தவர் "இது என்னவாக இருக்கும்" என்று யோசித்தால் இடைவெளி. "இதைச் சொல்லாம ஏமாத்திட்டாங்க" என்று எரிச்சல்பட்டால் ஓட்டை.

படி 3: தளத்தின் குணம் அறிந்து தேர்ந்தெடுப்பது

"மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போ" என்பது விளம்பரக்காரர் பேச்சு. கதைக்காரர் கேட்க வேண்டியது: இந்தத் தளத்தால் மட்டும் முடிகிற காரியம் எது?

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முகம் இல்லை. பேசுபவர் அழுகிறாரா என்பது மூச்சில் தெரிய வேண்டும். அறையில் இன்னொருவர் இருப்பதை மறைக்க முடியும், நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தில் காட்டிக்கொடுக்கவும் முடியும். பின்னணியில் கேட்கும் ஒரு சத்தத்தைப் பத்துப் பேரில் ஒருவர்தான் கவனிப்பார். அந்த ஒருவருக்கு அது புதையல். காட்சியில் இதைச் செய்ய முயன்றால் கேமரா அந்தப் பொருளின் மேல் போய் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சமூக வலைத்தளக் கணக்கின் பலம் நேரம். பாத்திரம் வாழும் நேரமும் பார்ப்பவர் வாழும் நேரமும் அங்கே ஒன்றாகலாம். நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனம் என்.ஆர்.கே. 2015 முதல் 2017 வரை வெளியிட்ட 'ஸ்காம்' என்ற பள்ளி மாணவர் தொடர் இதற்கு நல்ல பாடம். கதையில் ஒரு காட்சி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடக்கிறதோ அதே நேரத்தில் அந்தக் காட்சி இணையத்தில் வரும். இடையில் பாத்திரங்களின் குறுஞ்செய்தி உரையாடல்களும் இன்ஸ்டாகிராம் பதிவுகளும் வரும். வாரக் கடைசியில் காட்சிகளைக் கோத்து முழுப் பாகமாகவும் தருவார்கள். இருவர் சண்டை போட்டுப் பேசாமலிருந்தால் பார்ப்பவருக்கும் அந்த மௌனம் நாள்கணக்கில் நீளும். ஒரே மூச்சில் 45 நிமிடம் ஓடும் பாகத்தால் அந்தக் காத்திருப்பைத் தரவே முடியாது.

படக்கதை காலத்தைச் சுருக்க நல்லது. 100 ஆண்டுகளை 6 பக்கத்தில் கடக்கலாம், எடுக்கச் செலவாகும் வெள்ளத்தையும் போரையும் பேனாவால் வரையலாம். உரைநடை மனதுக்குள் போகும். வரைபடமும் ஆவணமும் வாசகரைத் துப்பறிய வைக்கும். வீடியோ கேம் இடத்தை உணர வைக்கும், தேர்வின் பாரத்தைத் தோளில் ஏற்றும். ஆனால் நீங்கள் நினைத்த கணத்தில் துக்கப்படு என்றால் விளையாடுபவர் துக்கப்படமாட்டார், அந்த நேரத்தில் மேஜை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்.

வகைகளைக் காட்டுவதற்காக நம் கதைக்கு நான் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்; முதல் முயற்சி என்றால் இதில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொறியாளர் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த பேட்டிகளின் ஒலிநாடாக்கள்: 6 பாக பாட்காஸ்ட். கிராமத்தின் பழைய அளவை வரைபடம்: ஓர் இணையப் பக்கம், வீட்டைத் தொட்டால் அந்தக் குடும்பத்துக்குப் போன காலி செய்யும் உத்தரவு திறக்கும். புகைப்படக்காரரின் கணக்கு: நாளுக்கு ஒரு படம், கீழே நீர்மட்டம் அடிக்கணக்கில்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்: "இதையே வேறு தளத்தில் சொன்னால் ______ போய்விடும்." ஒலிநாடாவை நடித்துக் காட்டினால், முகம் தெரியாத குரலின் தனிமை போய்விடும். புகைப்படங்களை ஒரே நாளில் கொட்டினால், தண்ணீர் இறங்கும் மெதுவான பயம் போய்விடும். கோடிட்ட இடம் நிரம்பவில்லை என்றால் அந்தத் தளத்தைத் தயங்காமல் வெட்டுங்கள்.

படி 4: எது எதன் மேல் நிற்கிறது?

அமைப்பு பெரும்பாலும் மூன்று விதம். நடுவில் ஒரு பெரிய கதை, சுற்றிலும் சிறு கதைகள் என்பது ஒன்று. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும் சங்கிலி இன்னொன்று. எதுவும் மையமில்லை, எல்லாத் துண்டும் சமம் என்பது மூன்றாவது. மூன்றாவது விதத்தைப் பற்றிப் பேசக் கேட்க ஆசையாக இருக்கும். நடைமுறையில் பார்ப்பவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திரும்பிப் போவார்.

சங்கிலிக்கு ஒரு பேர்பெற்ற உதாரணம் 2003-இல் 'தி மேட்ரிக்ஸ்' இரண்டாம் படத்தைச் சுற்றி நடந்தது. ஓர் அனிமேஷன் குறும்படத்தில் ஒசைரிஸ் என்ற கப்பலின் குழு உயிரைக் கொடுத்து ஒரு எச்சரிக்கைச் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தியை எடுத்துச் சேர்ப்பது படத்தோடு வெளியான வீடியோ கேமின் தொடக்கப் பணி. படத்தில் அது வந்து சேர்ந்துவிட்டது, பாத்திரங்கள் ஒசைரிஸின் கடைசித் தகவலைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றையும் தொடர்ந்தவருக்குச் சிலிர்ப்பு. படத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவருக்கு, தான் வருவதற்கு முன்பே ஏதோ முக்கியமானது நடந்துவிட்டது என்ற உணர்வு. ஜென்கின்ஸ் 2006-இல் எழுதிய புத்தகத்தில் இதை ஆர்வத்தோடு அலசினார், படத்தை மட்டும் பார்த்த விமர்சகர்கள் குழம்பிப்போனதையும் பதிவு செய்தார். துணிச்சலான சோதனை, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே கோடிக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள். உங்கள் கதையை இன்னும் யாரும் கேட்கவே இல்லை. முதல் விதத்தோடு நில்லுங்கள்.

அதில் ஒரே ஒரு சட்டத்தை இரும்பால் எழுதிவையுங்கள்: மையக் கதையிலிருந்து வெளியே போக வழி இருக்கலாம். மையக் கதையைப் புரிந்துகொள்ள வெளியே போயே ஆகவேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

படி 5: வாசல் வைப்பது

ஒரு தளத்தில் இருப்பவரை இன்னொன்றுக்கு எது நகர்த்தும்? "மேலும் அறிய எங்கள் இணையதளத்துக்கு வாருங்கள்" என்ற அறிவிப்பு நகர்த்தாது. நல்ல வாசல் கதைக்குள்ளேயே ஒரு பொருளாக இருக்கும்.

2001-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஏ.ஐ.' படத்துக்கான விளம்பரங்களில், இசை, ஒளிப்பதிவு என்று பெயர்கள் வரும் வரிசையில் ஜீனின் சல்லா என்ற பெயரும் இருந்தது. அவர் பொறுப்பு: உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர். அப்படி ஒரு வேலையே கிடையாது. ஆர்வத்தில் அந்தப் பெயரைத் தேடியவர்கள் 2142-ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்த ஏராளமான இணையதளங்களுக்குள் விழுந்தார்கள், உள்ளே ஒரு கொலை மர்மம் காத்திருந்தது. யாரும் அழைக்கவில்லை. ஒரு வரி மட்டும் இடத்துக்குப் பொருந்தாமல் இருந்தது, அவ்வளவே.

நம் கதையில் அந்தப் பொருள் ஒரு சைக்கிள் மணி. 3-ஆம் பாகத்தில் தங்கை அதைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொள்கிறாள். அண்ணனுடையது. 8-ஆம் பாகத்தில் தெரிகிறது: எல்லோரும் வண்டி ஏறிய பின், விடுபட்ட ஒருவரைக் கூட்டிவர அவன் திரும்பிப் போனான், மீளவில்லை. சீரிஸ் அங்கே முழுமையாக முடிகிறது.

வரைபடப் பக்கத்தைத் திறப்பவர் வேறொன்றைக் காண்பார். வீட்டு எண் 41-க்கு அடுத்தது 43. 42 இல்லை. அந்த இடத்தில் ஒரு கிணறும் ஒரு மரமும் வரைந்திருக்கின்றன.

பாட்காஸ்ட்டின் 5-ஆம் நாடாவில் ஒரு கிழவி பேசுகிறாள். எந்தப் பட்டியலிலும் இல்லாத வீடு, பத்திரம் இல்லாத நிலம், ஆகவே பொறியாளர் அவள் பெயரை எழுதவில்லை. பேச்சுக்கு நடுவே வெளியே மணி இரண்டு முறை அடிக்கிறது. "வந்துட்டியா தம்பி" என்கிறாள். பேட்டி தொடர்கிறது.

பாட்காஸ்ட்டை மட்டும் கேட்டவருக்கு இது ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட மனிதரின் குற்றவுணர்ச்சிக் கதை. யாரோ ஒரு பையன் வந்தான், அவ்வளவுதான். சீரிஸையும் பார்த்தவருக்கு அந்த இரண்டு மணியோசை நெஞ்சில் இறங்கும். தங்கைக்கும் தெரியாது, பொறியாளருக்கும் தெரியாது. இருவரையும் அறிந்த பார்வையாளருக்கு மட்டுமே தெரிந்த ஓர் உண்மை அது. பல தளங்களில் கதை சொல்வதால் கிடைக்கிற தனி இன்பம் என்று ஒன்று இருக்குமானால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

படி 6: கதை பைபிள்

கதையுலகின் விவரங்களையும் விதிகளையும் ஒரே இடத்தில் குறித்துவைக்கும் கையேடு இது. ஒரே ஆள் எழுதினாலும் இது வேண்டும். 5 பேர் எழுதினால் இது இல்லாமல் நகரவே முடியாது. பாத்திரங்களின் உயரம், நிறம், பிடித்த பாடல் என்று நிரப்பி வைக்கும் பைபிள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் திறப்பதில்லை. தினமும் திறக்க வேண்டிய பக்கங்கள் மூன்றுதான்.

முதலாவது காலக்கோடு, தேதிவாரியாக. அண்ணனுக்கு ஜூன் மாதம் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததாக சீரிஸில் ஒரு வசனம் இருந்து, மணியோசை கேட்கும் நாடா ஏப்ரலில் பதிவானதாக இருந்தால் கதை முடிந்தது. ரசிகர் ஒருவர் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்ற அட்டவணை. பாத்திரங்களுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு தளத்தின் பார்வையாளருக்கும் ஒரு வரிசை. மூன்றாவது, மூடிய கதவுகளின் பட்டியல். 2-ஆம் படியில் பிரித்த மூன்றாவது குவியல் அப்படியே இங்கே வரும், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. ஆறு மாதம் கழித்து யாராவது அப்பாவின் கதையை எழுத ஆசைப்படும்போது இந்தப் பக்கம் பேசும்.

எது அதிகாரப்பூர்வமான கதை என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' உலகில் பல பத்தாண்டுகளாக நாவல், படக்கதை, கேம் என்று குவிந்த கதைகளைக் கணக்கு வைக்க ஒரு தரவுத்தளமே நடத்தினார்கள். எந்தக் கதைக்கு எவ்வளவு மதிப்பு என்று அதற்குள் படிநிலைகள். 2014 ஏப்ரலில், புதிய படங்களுக்கு வழிவிட, அந்தக் குவியலின் பெரும்பகுதியை 'லெஜண்ட்ஸ்' என்ற தனிப் பெயருக்குக் கீழ் ஒதுக்கிவைத்தார்கள். பல வருடம் பின்தொடர்ந்த வாசகர்கள் கொதித்தார்கள். சிறிய படைப்புக்கு இவ்வளவு தேவையில்லை. "முரண் வந்தால் சீரிஸ் சொல்வதே சரி" என்று ஒரு வரி போதும்.

படி 7: நாட்காட்டி

எந்தத் துண்டு எந்த நாளில் வருகிறது என்பதே பாதிப் பொருளைத் தீர்மானிக்கிறது. 5-ஆம் நாடாவை சீரிஸின் கடைசிப் பாகத்துக்கு முன் வெளியிட்டால் மணியோசை ஒரு பயம்: இவன் அந்தக் கிழவியைத் தேடித்தான் போகப்போகிறான். ஒரு வாரம் கழித்து வெளியிட்டால் அதுவே துக்கம்: ஓ, இவளைத் தேடித்தான் போனானா. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் மாறுபடலாம், இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

புகைப்படக் கணக்கு சீரிஸுக்கு 40 நாள் முன்பே தொடங்கும். முதல் நாள் 62 அடி. எந்தக் கட்டிடமும் தெரியாது, வெறும் தண்ணீர். யாரும் பின்தொடராவிட்டாலும் பரவாயில்லை, பிறகு வருபவர் பின்னோக்கி உருட்டுவார். வரைபடம் முதல் பாகம் வெளியாகும் அன்று. பாட்காஸ்ட் 3-ஆம் பாகத்துக்குப் பிறகு, மணி கையில் கிடைத்த பின்.

இதையெல்லாம் கட்டி முடித்தபின் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வெளியான நாளில் வருபவர் கொஞ்சம் பேர். இரண்டு வருடம் கழித்து, எந்த வரிசையும் தெரியாமல் வருபவர் நிறைய. நாட்காட்டி அவருக்குப் பொருந்தாது. ஆகவே எந்த இரண்டு துண்டையும் முன்பின்னாக மாற்றிப் பார்த்தாலும் ஏதாவதொரு உணர்வு மிஞ்ச வேண்டும். அது பயமாக இருந்தாலும் சரி, துக்கமாக இருந்தாலும் சரி. குழப்பம் மட்டும் மிஞ்சினால் துண்டைத் திருத்துங்கள்.

படி 8: பார்வையாளரை உள்ளே விடுவது

கொஞ்சம் திறந்தால் போதும், அவர்கள் உங்களைவிட வேகமாக ஓடுவார்கள். 'ஏ.ஐ.' படத்துக்காக அந்த இணையதளங்களில் நடந்த புதிர் விளையாட்டில், மூன்று மாதத்துக்குத் தாங்கும் என்று குழு தயாரித்து வைத்திருந்த புதிர்களைக் கூட்டமாகச் சேர்ந்த ஆர்வலர்கள் ஒரே நாளில் உடைத்துவிட்டார்கள். அதன் பிறகு எழுதுபவர்கள் ஓட ஓட எழுத வேண்டியதாயிற்று. தனி ஆளை மனதில் வைத்துப் புதிர் செய்யாதீர்கள். மறுபக்கம் இருப்பது எப்போதும் ஒரு கூட்டம்.

எவ்வளவு நம்ப வைப்பது என்பது அடுத்த சிக்கல். 1999-இல் வெளியான 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்துக்கு முன்பே அதன் இணையதளத்தில் காணாமல்போன மூன்று மாணவர்களின் செய்தி, போலீஸ் தகவல்கள், காலவரிசை எல்லாம் உண்மைபோல் இருந்தன. படம் உலகப் புகழ் பெற்றது. நடித்த பெண்ணின் தாய்க்கு இரங்கல் அட்டைகள் வந்தன. இன்று அப்படிச் செய்யாதீர்கள். அணை, வெள்ளம், காணாமல்போனவர் என்று உண்மைபோல் ஒரு படம் போட்டால் அது கதைக்கு வெளியே தனியாகப் பறந்து, எங்கோ ஓர் அணைக்குக் கீழே வாழும் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கும். கணக்கின் அறிமுக வரியில் "இது புனைவு" என்று இருக்கட்டும். படத்திலேயே தொடரின் பெயர் பதிந்திருக்கட்டும். கதையின் சுவை இதனால் குறையாது, புனைவு என்று தெரிந்தேதான் மக்கள் அழுகிறார்கள்.

பாத்திரத்துக்கு வரும் செய்திகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். இரவு 2 மணிக்கு ஒருவர் தன் சொந்தத் துயரத்தைக் கதாபாத்திரத்திடம் எழுதுவார். கட்டாயம் எழுதுவார். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் பாத்திரமாக இருக்கக்கூடாது. குழுவின் பெயரில், மனிதராக, கனிவாகப் பதில் போக வேண்டும்.

படி 9: சோதனை

நாலு பேரைப் பிடியுங்கள். ஒருவர் சீரிஸின் திரைக்கதையை மட்டும் படிக்கட்டும், இன்னொருவர் நாடாக்களை மட்டும் கேட்கட்டும், மூன்றாமவர் வரைபடத்தை மட்டும் பார்க்கட்டும். நாலாமவருக்கு எல்லாம். முதல் மூவரிடமும் ஒரே கேள்வி: "எங்கேயாவது உங்களை வெளியே நிறுத்திய மாதிரி இருந்ததா?" ஒருவர் ஆமாம் என்றாலும் அங்கே ஓட்டை இருக்கிறது. நாலாமவரிடம் வேறு கேள்வி: "ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை கேட்ட மாதிரி எங்கே இருந்தது?" அந்த இடங்களை வெட்டுங்கள். நான் பார்த்தவரை முதல் வரைவில் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் போகும், வலிக்கத்தான் செய்யும்.

படி 10: கடையைக் கட்டுவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதை முடிந்த பின் அதன் துண்டுகள் எங்கே வாழும்? 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் என்ற தன் இணைய மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதில் செய்த எத்தனையோ ஊடாடும் கதைப் பக்கங்கள் உலாவியில் திறக்காமல் போயின. இணைய முகவரிக்கான பணத்தை ஒரு வருடம் கட்ட மறந்தால் உங்கள் வரைபடம் சூதாட்ட விளம்பரமாக மாறியிருக்கும். பட்ஜெட் போடும்போதே குறைந்தது 5 வருடத்துக்கான முகவரிக் கட்டணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். எல்லாத் துண்டுகளின் மூலக் கோப்புகளும் உங்கள் கையில் ஒரு பிரதியாவது இருக்கட்டும். பாத்திரத்தின் கணக்கு யாருக்குச் சொந்தம், கடவுச்சொல் யாரிடம், தொடர் முடிந்தபின் அதில் யார் எழுதலாம் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். கதை உரிமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நானும் ஒருமுறை விட்டேன். ஒரு தொடரில் இறந்துபோகும் பாத்திரத்தின் கணக்கை ஐந்து மாதம் நான் எழுதினேன். கடைசிப் பதிவு ஒரு பாதி வாக்கியம், அதோடு நிறுத்தினோம். கீழே மக்கள் விடைபெற்றுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து விளம்பரக் குழுவில் யாரோ அதே கணக்கிலிருந்து ஒரு தள்ளுபடி அறிவிப்பைப் பதிவிட்டார்கள். அந்தப் பாதி வாக்கியத்துக்கு மேலே, சிவப்பு எழுத்தில், ஆச்சரியக்குறியோடு.

ஆகவே புகைப்படக்காரரின் கணக்குக்கு நான் எழுதிவைத்திருக்கும் விதி இது. மழை வந்து தண்ணீர் ஏறும். படங்களில் பள்ளிச் சுவர் மறையும், பிறகு மரத்தின் உச்சி. கடைசிப் படத்தில் வெறும் தண்ணீர், கீழே 62 அடி. அன்று இரவே கடவுச்சொல்லை மாற்றி, ஒரு தாளில் எழுதி, எழுத்தாளர் மட்டும் வைத்துக்கொள்வார். இரண்டாவது சீசன் வந்தாலும் அந்தக் கணக்கிலிருந்து இன்னொரு பதிவு போகாது.